சந்திக் குருசடியில் ஒரு மெழுகுதிரி

பார்க்டேல், ரொறன்ரோ
நவம்பர் 1994

என் செல்ல மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அம்மாவின் அடக்கத்துக்கு வர விசா கிடைக்காமல், இங்கிலாந்துக் கிராமத்தில் நீ தனியே அழுதிருப்பாய் என்று நினைத்து நினைத்தே சோற்றை அடிப்பிடிக்க வைத்தேன். நினைக்காத நாட்களிலும் அடிப்பிடித்தது, அது வேறு கதை.

உங்கள் ஊர்ச் சந்தியில் அறுநூறு வருடப் பழைய கல் சிலுவை நிற்கிறது, முன்பு சந்தை கூடியதும் சாவு அறிவித்ததும் அதனடியில்தான் என்று எழுதியிருந்தாய். மன்னாரில் நம் குருசடியும் அப்படித்தானே! நீயும் ஊர்ப்பழக்கத்தில் அங்கே மெழுகுதிரி கொளுத்திவிட்டு நின்றாயாம். அங்கே வீதியில் யாராவது அடிபட்டுச் செத்த இடத்தில்தான் பூவும் மெழுகுதிரியும் வைப்பார்களாம்; அப்படி யாரோ வாகனத்தில் அடிபட்டுச் செத்துவிட்டார்கள் என்று நினைத்து, பாண் சுட்டு விற்கும் கடைக் கிழவி பூவோடு ஓடிவந்தாராம். இறந்தது உன் அம்மா என்றதும் உன்னைக் கட்டிப்பிடித்தாராம். பிறகு ஐந்தாறு பேர் வந்து கூடவே நின்றார்களாம்.

வாசித்த கையோடு எதிர்க்கதவு றோசலின் அன்ரியிடம் ஓடினேன்.

"அப்ப பிள்ளை தனிய அழேல்லை, அண்ணை" என்றார்.

அந்தக் கிழவிக்கு நன்றி எழுதலாமென்றால், என் இங்கிலீஷ் தொழிற்சாலை வாசலைத் தாண்டாது. ஆகவே நீ செய். சாவுக்கு வந்தவர்களை முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுதானே எங்கள் முறை. அவர்கள் எல்லோரையும் கூப்பிடு. உறைப்பை மட்டும் குறைத்துப் போடு.

உன் அப்பா