வலையில்லாத வள்ளம்

மைனி,

போன வாரம் தக்கலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு ரப்பர் லாரி வந்து பக்கத்தில் நின்றது. புகைபோட்ட ஷீட்டின் வாடை, கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் கரியுமாக. என் அருகில் நின்ற பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் லாரிப் பக்கமாக இன்னும் நகர்ந்து நின்றேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அடக்கத்துக்கு வந்தவர்கள் உங்கள் சமையலைச் சொன்னார்கள், உங்கள் வாயைச் சொன்னார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்த கதையைச் சொன்னார்கள். என் கல்யாணத்துக்கு நாம் போய்ச் சேர்ந்த கதையை ஒருவரும் சொல்லவில்லை. அது தெரிந்தவர்களில் மிச்சம் நான்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். குலசேகரம் சந்தையில் அப்பாவுக்குக் கருவாட்டுக் கடை. ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர். தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு வலையை விற்றுவிட்டு மலையோரம் வந்து கடை போட்டவர். நான் பிறந்தது குலசேகரத்தில். கடலை வருடத்துக்கு ஒருமுறை, திருவிழாவுக்குப் போகும்போது தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. நீங்கள் குளச்சல்காரி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் மாதம் முழுக்க, இந்த ஊரில் இரைச்சலே இல்லை, உறக்கம் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

மாப்பிள்ளை அப்பாவின் சொந்த ஊர்க்காரர். ஆற்றுமுகத்துக்கு மேற்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் மணல்திட்டாகக் கிடக்கும் அந்தத் துறை. சொந்தபந்தம் எல்லாம் அங்கேதான் என்பதால் கல்யாணமும் அந்த ஊர்க் கோயிலில் என்று முடிவாயிற்று. அவருக்குக் கொச்சியில் கப்பல் வேலை கிடைத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் ஏறவேண்டும், ஏறினால் திரும்ப இரண்டு வருடம். பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “கப்பல்ல போறவன்னா காத்துக் கெடக்கணும். சம்மதந்தானா?” நான் தலையசைத்தேன். அதை வாசல் பக்கம் நின்ற நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

சனிக்கிழமை காலைப் பூசையில் தாலி. மறுநாள் ஞாயிறு ஆகமன காலம் பிறக்கிறது, அதன் பிறகு கிறிஸ்துமஸ் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அம்மாவும் அண்ணனும் சாமான்களோடு முன்னதாகவே போய்விட்டார்கள். நாம் மூன்று பேரும் வியாழக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. அப்போது அந்த ஊருக்கு ஒரே வழிதான். தொடுவெட்டி வரை பஸ், அங்கிருந்து கால்வாய்க்கரை வரை மாட்டுவண்டி, அப்புறம் கால்வாயில் வள்ளம்.

புதன்கிழமை தொடங்கிய மழை விடவில்லை. வியாழன் காலை பஸ் வரவில்லை. ஆற்றைக் கடக்கும் சப்பாத்துப் பாலம் மூழ்கிவிட்டது, அதற்கு மேல் ஆளுயரத்துக்கு வெள்ளம் போகிறது என்றார்கள். கீழேயிருந்து நடந்தே வந்த ஒரு வியாபாரி கால்வாய் கரையுடைத்துவிட்டதாகவும், வள்ளங்களை எல்லாம் கட்டிப் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

அப்பா கடைப்பலகையில் உட்கார்ந்து, “தள்ளி வைப்போம். ஆளனுப்பிச் சொல்லிருவோம். ரெண்டு வருசம் கழிச்சு வரட்டு. வராட்டா வேற பாப்போம்” என்றார்.

நீங்கள் நேராக அடுக்களைக்கு வந்து என் முன்னால் நின்றீர்கள்.

“ஏட்டி, உனக்குப் போவணுமா, வேண்டாமா? அத மொதல்ல சொல்லு.”

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. “போவணும் மைனி” என்றேன்.

“அப்ப பெட்டிய எடு.”

எஸ்டேட்டிலிருந்து ஷீட் ஏற்றிக்கொண்டு மேட்டுவழியாகத் தக்கலைக்குப் போகும் லாரியை நிறுத்தினீர்கள். தார்ப்பாய்க்கு அடியில், ரப்பர் ஷீட்டின் மேல், தகரப்பெட்டியை நடுவில் வைத்து மூவரும் உட்கார்ந்தோம். பாதி தூரம் போன பிறகு அப்பா கேட்டார். “மேக்க இருக்கிய ஊருக்கு எதுக்கு கெழக்க போறோம்?”

“குளச்சலுக்குப் போறோம் மாமா. ரோடும் இல்ல, கால்வாயும் இல்ல. கடல் இருக்கில்லா?”

அப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

தக்கலையில் பஸ் பிடித்து, உங்கள் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் விடிந்ததும் குளச்சல் கடற்கரையில் நின்றோம். மழை விட்டிருந்தது. உங்கள் அண்ணன் வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது.

“பொம்பள ஏறுன வள்ளத்துல பொறவு எவன் தொழிலுக்கு வருவான்? பைத்தியமா உனக்கு?”

“கொழும்புத் தோணியில பொம்பளைய ஏறலியா?”

“அது ஆள் ஏத்துகதுக்கு உள்ளது. இது மீன்பிடிக்கிய வள்ளம்.”

“இன்னைக்கு மீன் பிடிக்க வேண்டாம். வலைய எறக்கி வை. வலையில்லாத வள்ளம் வெறும் வண்டிதான்.”

அவர் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். நீங்கள் அப்பாவிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னீர்கள்: “மாமா, ஐப்பசி கார்த்திகை மழை மலைக்குத்தான், கடல் அடங்கித்தான் கெடக்கும். ஆனி ஆடியில வள்ளம் எறக்குனா நானே மறிப்பேன். இப்ப கடலப் பாருங்க. ஒங்களுக்குத் தெரியாததா?”

அப்பா பார்த்தார். அவர் கடலை அப்படி நின்று பார்த்து நான் கண்டதில்லை. பிறகு குனிந்து என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வள்ளத்தைப் பார்த்து நடந்தார். உங்கள் அண்ணன் வலையை இறக்கினார்.

நீங்கள்தான் முதலில் ஏறினீர்கள். உட்கார்ந்துகொண்டு எனக்குக் கை நீட்டினீர்கள்.

உங்கள் அண்ணன் பின்னால் நின்று வள்ளத்தைச் செலுத்தினார், இரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். கரை விலகியது, தென்னைகள் சிறுத்தன, தலையில் சும்மாடு வைத்த பெண்கள் எறும்புபோல மணலில் நடந்தார்கள். நான் வள்ளத்தின் அடிப்பலகையில் தலையைக் குனிந்துகொண்டு உங்கள் கையைப் பிடித்திருந்தேன். “கீழ பாக்காதே. தூரத்துல மலையப் பாரு” என்றீர்கள். பார்த்தேன். நான் பிறந்த பக்கத்து மலை அத்தனை நீளமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆற்றுமுகத்தை நெருங்கியபோது தண்ணீரின் நிறம் மாறியது. பச்சைக் கடலின் நடுவே செம்மண் வெள்ளம் கோடு கிழித்தாற்போல் வெகுதூரம் நீண்டு கிடந்தது. வாழைகள், வைக்கோல், ஒரு கூரை, வேரோடு ஒரு முழுப் பலாமரம். சுற்றிப் போகவேண்டும் என்று உங்கள் அண்ணன் வள்ளத்தை இன்னும் வெளிக்கடலுக்குத் திருப்பினார். வெள்ளத்தின் இழுப்பு அங்கேயும் விடவில்லை. வள்ளம் பக்கவாட்டில் போகத் தொடங்கியது, துடுப்புக்காரர் ஒருவர் மரத்தைத் தள்ளிவிட எழுந்தார். அவர் விட்ட துடுப்பை அப்பா எடுத்தார். யாரும் சொல்லவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, தம்பி போன கடலில் இருபது வருடத்துக்குப் பிறகு துடுப்புப் போட்டார். “மேக்க பிடிலே, இன்னும் மேக்க” என்று உங்கள் அண்ணனை அதட்டினார். அந்தக் குரலைக் கடையில் நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் நீங்கள் வள்ளத்தின் ஓரம் குனிந்து வாந்தியெடுத்தீர்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது கேட்டேன்.

“மைனி, ஒங்களுக்கு இது பழக்கம் இல்லியா?”

“எங்கேயிருந்து பழக்கம்? எங்கள எவன் வள்ளத்துல ஏத்துனான்? கரையில நின்னு பாத்ததுதான்.”

“அப்ப பயமா இல்லியா?”

“வாய மூடிக்கிட்டு மலையப் பாருட்டி.”

நீங்களும் கண்ணெடுக்காமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சொல் எனக்கு மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பச்சைத் தண்ணீர் மறுபடி வந்தது. உச்சிப்பொழுதுக்கு முன் துறை தெரிந்தது. வள்ளத்தில் பெண்களைக் கண்டு ஊரே கரைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து வள்ளத்தைப் பிடித்தார். “வரமாட்டோம்னு நெனச்சியளா?” என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். அன்று மாலை, தம்பி பெயரில் அப்பா பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தார் என்பதை அம்மா பிறகுதான் சொன்னாள்.

சனிக்கிழமை தாலி ஏறியது. பத்து நாள் கழித்து அவர் கப்பலேறினார், சொன்னபடி இரண்டு வருடத்தில் திரும்பினார். உங்கள் அண்ணனின் வள்ளத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமே அவருக்கு நல்ல மீன்பாடு என்று சொல்லியனுப்பினீர்கள், கூடவே ஒரு ஓலைப்பெட்டி நிறைய நெத்திலியும்.

நம் ஜில்லா மெட்ராஸ் மாகாணத்தோடு சேர்ந்த வருடம், கார்த்திகை. கால்வாய் மறுபடி கரையுடைத்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தலைச்சன் பிள்ளை, வலி எடுத்து ஒரு பகல் ஆகியும் பிறக்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், குளச்சல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கரையில் ஆண்கள் கூடிநின்று, பெண்ணை எப்படி வள்ளத்தில் ஏற்றுவது என்று பேசிக்கொண்டேயிருந்தார்கள். எனக்கு உங்களைப் போலப் பேச வராது மைனி. ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் போய், அங்கே கிடந்த வள்ளத்திலிருந்து வலையை இழுத்து மணலில் போட்டேன். ஏறி உட்கார்ந்தேன்.

அவளைத் தூக்கி வந்து என் மடியில் படுக்கவைத்தார்கள். வலிக்கு நடுவிலும் அவளுக்குக் கடல்தான் பயம். “அக்கா, போயிருவமா?” என்று கேட்டாள்.

“போயிருவோம். நான் முன்ன வந்திருக்கேன்” என்றேன்.

எனக்குச் சொல்ல அப்படி ஒரு சொல் இருந்தது மைனி. உங்களுக்கு அது இல்லாமலே என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.