வலது கையில் ஒரு லிட்டர்

அக். 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியவை: து. பருப்பு, தே. எண்ணெய், அவருக்குச் சர்க்கரை மாத்திரை. காஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

ஆபீஸ் முடிந்து பிசியோ. கதவில் தொங்கும் கயிற்றை இழுப்பது, சுவரில் விரல்களால் ஏறுவது, கடைசியில் பிசியோ பெண் ரக்ஷிதா என் வலது கையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவது. கத்தினேன். வலித்ததா என்றாள். இல்லை, வலிக்கப்போகிறதே என்று கத்தினேன். அவள் பேசுவதெல்லாம் கன்னடம், எழுத எனக்குத் தமிழ்தான் வரும்.

"தோள்பட்டை இறுக்கம் எப்பவோ விட்டுடுச்சு ஆண்ட்டி. இப்ப இறுகிக் கிடக்கறது உங்க பயம்தான்."

வந்ததே கோபம். இருபத்தாறு வயது. ஒரு வருஷமாக ஜாக்கெட் கொக்கியை அவர் மாட்டிவிட வேண்டியிருந்தது எனக்கு, இவளுக்கு அல்ல. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல் ஒரு காலேஜ் பையன் மடியில் விழுந்தது நான். இன்றுவரை பால் பாக்கெட்கூட இடது கையில்தான் தூக்குகிறேன். அந்தக் கை சரியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

வீட்டுக்கு வந்தால் அவர் வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. ரயில்வே ஒர்க்‌ஷாப் சிநேகிதரின் மகன் ஏதோ ஹோட்டலில் மேனேஜர். சனிக்கிழமை அங்கே புல்வெளியில் ஜெர்மன்காரர்கள் மாதிரி பீர் விழாவாம். இரண்டு பாஸ். "போயி ஒரு வாட்டி பாத்துப்போட்டு வந்தர்லாம் சரசு," என்கிறார். பிறந்த ஊர் ஹனூர்ப் பேச்சு, ரிட்டயர் ஆகியும் போகவில்லை.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டேன்.

அக். 10, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

ஆபீஸில் நாளைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார்கள். உறவில் நிச்சயதார்த்தம் என்றேன். பீர் விழா என்று சொன்னால் திங்கட்கிழமை ஹெட் ஆபீஸ் வரை தெரிந்துவிடும்.

பீர் விழாவுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது? யாரைக் கேட்பது? பட்டு என்றால் சிரிப்பார்கள். காட்டன் என்றால் காய்கறி வாங்கப் போகிற மாதிரி இருக்கும். கடைசியில் மாம்பழ மஞ்சள் சுடிதார். பக்கத்தில் அவர் போனில் ஜெர்மனி வீடியோ பார்க்கிறார். பெஞ்சின் மேல் ஏறி நின்று ஆடுகிறார்கள், என் வயதுப் பெண்கள்கூட. உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு. ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு இந்தக் குறுகுறுப்பு, தெரியவில்லை. நன்றாக இருக்கிறது.

அக். 11, சனி

எட்டு மணிக்கே வீடு திரும்பியாயிற்று. எழுத்து கோணல் மாணல். குடித்ததால் இல்லை. கை நடுக்கம். எல்லாவற்றையும் எழுதியே ஆக வேண்டும்.

தசரா விளக்குகளை இன்னும் கழற்றவில்லை. ஆட்டோவில் போகும்போதே கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. உள்ளே நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடிகள், நீள நீள மரமேஜைகள். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தோலில் அரை டிராயரும் வாரும் போட்ட நம்மூர்ப் பையன்கள் டிரம்பெட் ஊதினார்கள். இரண்டு ஜெர்மன் பாட்டு, நடுவில் ஒரு கன்னட சினிமாப் பாட்டு, அதற்குத்தான் கூட்டம் எழுந்து ஆடியது.

சாப்பிட்டவை: முறுக்கிப் போட்ட பெரிய உப்பு ரொட்டி (பிரெட்ஸெல், அருமை). கோழி சாசேஜ் (அவர் மூன்று). புளித்த முட்டைக்கோஸ் (வேண்டாம்). பீர்: முதல் வாய் வேப்பிலைக் கஷாயம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது வாய்க்கு நானே கை நீட்டினேன். அவர் சிரித்தார்.

அப்போதுதான் மைக்கில் கூப்பிட்டார்கள். பெண்களுக்குப் போட்டி. ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை, விளிம்பு வரை பீர். கையை முன்னால் நேராக நீட்டிப் பிடிக்க வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது, சிந்தக் கூடாது. கடைசி வரை தாங்குபவருக்குப் பரிசு. மேடையில் ஏறுகிற பெண்களைப் பார்த்தால், அதில் ஒருத்தி என் ரக்ஷிதா. ஜீன்ஸ், தலையில் பூ வளையம், கீழே ஹாஸ்டல் சிநேகிதிகள் கூச்சல்.

எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இடது கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் ஏறினேன். என்னைப் பார்த்ததும் ரக்ஷிதாவின் கண் விரிந்தது. வரிசையில் அவளுக்குப் பக்கத்தில்தான் இடம். மைக் பையன் என் நரைமுடியைப் பார்த்தான். "சீனியர் லேடீஸுக்கு மட்டும் ரெண்டு கையும் அலவ்டு," என்றான். கூட்டம் சிரித்தது.

வலது கையை நீட்டினேன்.

"ஆண்ட்டி, பேடா," என்றாள் ரக்ஷிதா மெதுவாக. வேண்டாமாம். பயம்தான் என்று சொன்னவளே.

கனம் என்றால் கனம், இரண்டு கிலோ அரிசிக்கு மேல். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோள் எரிந்தது. நான் எதிர்பார்த்தது அந்தப் பழைய வலி, எலும்புக்குள் ஆணி இறங்குகிற வலி. அது வரவே இல்லை. இது வேறு. மாவரைத்து முடித்தால் வருமே, அந்த அசதி. இதைத் தாங்கலாம் என்று தோன்றிய நிமிஷத்தில் அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. ஒவ்வொருத்தியாக இறக்கினார்கள். கடைசியில் நானும் ரக்ஷிதாவும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் கீழே பெஞ்சின் மேல் ஏறி நின்று என் பேரைக் கத்துகிறார், ஊரே பார்க்கிறது. ரக்ஷிதாவின் குவளை சாய்ந்தது. பீர் பலகையில் கொட்டியது.

நான்தான். நான்தான் ஜெயித்தேன். பரிசு, இறகு குத்திய பச்சைத் தொப்பி. ரக்ஷிதா வந்து கட்டிப்பிடித்தாள், ஓடிவிட்டாள்.

என் கை என்னிடம் திரும்ப வந்துவிட்டது.

அக். 12, ஞாயிறு

மேகமூட்டம். தோள் அசதி, வலி இல்லை.

அவர் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டே பால் வாங்கப் போனார். கடைக்காரரிடம், மாடிவீட்டுக்காரரிடம், தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில், எல்லோரிடமும் சொல்லியாயிற்று. திரும்பி வந்து இட்லி சாப்பிடும்போது, சட்னியைத் தொட்டபடியே சொல்கிறார்:

"அந்தப் புள்ள கடேசில உனக்காவ விட்டுக்குடுத்திருச்சு போல. நல்ல புள்ள."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். அதனால்தான் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினாளா? பேஷண்டைச் சந்தோஷப்படுத்துவது அவள் தொழில் இல்லையா? போகும்போதெல்லாம் "சூப்பர் ஆண்ட்டி" என்கிறவள்தானே. அப்படியென்றால் நான் தூக்கியதும் சும்மா, கை சரியானதும் சும்மா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா சொன்னேன் சரசு, எனக்கு என்ன தெரியும் என்றார். சொன்னது சொன்னதுதான். தொப்பியைப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

மத்தியானம் பால் பாக்கெட்டை மறுபடியும் இடது கையில் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் கவனித்தேன்.

அக். 13, திங்கள்

மழை. குடையை ஆபீஸிலேயே மறந்தாயிற்று. நனைந்துகொண்டே பிசியோ போனேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன், விட்டுக்கொடுத்தாயா என்று. ரக்ஷிதா என்னைப் பார்த்தாள். காது சிவந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள். இரண்டு பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து ஒன்றை என் வலது கையில் வைத்தாள். சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த முழங்கால்காரரை, அங்கிள், நீங்கதான் அம்பயர் என்றாள்.

நேருக்கு நேர் நின்றோம். இந்தத் தடவை அவள் முகத்தையே பார்த்தேன். பல்லைக் கடித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு நடுங்கியது, என்னை முறைத்தாள். ஒரு பேஷண்டை யாரும் அப்படி முறைக்க மாட்டார்கள். என் கை இறங்கிக்கொண்டே வந்தது. இழுத்துப் பிடித்தேன். முடியவில்லை. இறங்கிவிட்டது.

ரக்ஷிதா குதித்தாள். உண்மையிலேயே குதித்தாள், பாட்டில் ஒரு பக்கம் உருண்டது.

"ரெண்டு நாளா ஹாஸ்டல்ல என்னை வாழவிடலை ஆண்ட்டி. நீ வைத்தியம் பாக்கறவங்ககிட்டயே தோத்துட்டியேன்னு ஒரே சிரிப்பு. அங்கிள், நீங்க பாத்தீங்கல்ல? இதுல சொல்லுங்க." போனை முழங்கால்காரர் வாயருகே நீட்டி, அவர் சாட்சியை வாய்ஸ் மெசேஜில் பிடித்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தன் தோளைத் தானே அமுக்கிக்கொண்டாள்.

நான் தோற்றுப்போய் நிற்கிறேன், வாய் காதுவரை போகிறது.

அடுத்த சிட்டிங் எப்போது, புதனா வியாழனா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.