துக்க வீட்டு நட்சத்திரம்

எண்ணூர்,
டிசம்பர், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் விமலுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், என் முழங்கால் பாதி சுகம், என் கோபம் பூரண சுகத்தோடு இருக்கிறது. கல்காரியில் நீயும் ஜெனிட்டாவும் சின்னவளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் சத்தம் போட்டால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மாடிக் குழாய் அடைத்துக்கொண்டது, ஆள் வைத்துச் சரி செய்துவிட்டேன், அதைப்பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால் மாடிக் கம்பத்தில் நான் ஏற்றியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இல்லை. வாசலில் உன் சித்தப்பா மகன் துரை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அண்ணன்தான் போன் பண்ணான் பெரியம்மா, துக்க வூட்ல ஸ்டார் போட்டா ஊரு காறித் துப்பும், எறக்குடான்னான், நான் இன்னா பண்றது என்கிறான். இறக்கியது ஒரு பக்கம், எப்படி இறக்கினான் என்று கேள். உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், நட்சத்திரத்தைக்கூடக் கையால் தூக்க மாட்டார். கம்பத்தின் உச்சியில் கப்பி வைத்து, கயிற்றின் நுனியில் ஒரு கண்ணி முடிச்சுப் போட்டு, அதில் நட்சத்திரத்தை மாட்டி, கீழிருந்து கிழவிகூட இழுத்து ஏற்றும்படி செய்து வைத்திருந்தார். அதனால்தான் இந்த வருடம் நான் ஒருத்தியாகவே ஏற்றினேன். கீழே நான் போட்டிருந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் துரை என் சமையல் கத்தியை எடுத்துக் கயிற்றையே அறுத்துவிட்டான். நட்சத்திரம் தரையில் விழுந்து ஒரு முனை கிழிந்தது. கயிறு கப்பியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. என் வீட்டில், நான் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். நான் பிள்ளை வளர்த்தேனா, மேஸ்திரி வளர்த்தேனா?

சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? இந்த வருடம் பலகாரம் இல்லை, புதுத்துணி இல்லை, கேக் இல்லை. அதையெல்லாம் நான் மீறவில்லை. ஆனால் நட்சத்திரம் பலகாரமா? அந்த முதல் நட்சத்திரம் எந்த ஊர்மேல் நின்றது என்று யோசித்துப் பார். சந்தோஷமாக இருந்த ஊரா அது? சத்திரத்தில் இடம் இல்லை என்று நிறைமாதக்காரியைத் துரத்திய ஊர். கொஞ்ச நாளில் ராஜாவின் ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு ஆண் குழந்தைகளை வெட்டிப் போட்ட ஊர். அப்படிப்பட்ட இருட்டுக்குத்தான் அந்த வெளிச்சம் வந்தது. துக்க வீட்டில் எரியக்கூடாது என்றால் அது வேறு எங்கேதான் எரியும், துணிக்கடையிலா? தினம் காலையில் மெழுகுவர்த்திப் படம் போட்டு, இருளில் ஒளி, நம்பிக்கையோடு இரு அம்மா என்று அனுப்புகிறாயே, அதே விரலால்தானே துரைக்கும் போன் போட்டாய்? இனி அந்தப் படங்களை எனக்கு அனுப்பாதே. மூச்சு இழுத்து இழுத்து உன் அப்பா போன அந்த ஜூலை மாதம் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். இருட்டு என்றால் என்ன என்று எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டாம். அடக்கத்தை செல்போனில் பார்த்தவன் துக்கத்துக்குச் சட்டம் போடுகிறான். இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவும் போவதில்லை.

ஆண்டவரிடமும் எனக்குக் கோபம்தான். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், அவர்கள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது ஜெபமாலையைச் சண்டை போட்டுக்கொண்டே சொல்கிறேன். ஒரு மணிக்கு ஒரு கேள்வி. பதில் வரவில்லை. ஆனால் ஒன்று கண்டுகொண்டேன், காலி நாற்காலியிடம் யாரும் இத்தனை மாதம் சண்டை போட மாட்டார்கள். அவர் இருக்கிறார் என்பதால்தான் என் கோபத்துக்கு நிற்க இடம் இருக்கிறது. இப்போதைக்கு என் விசுவாசம் இவ்வளவுதான். இது போதாது என்று யாராவது சொன்னால் என்னிடம் வந்து சொல்லட்டும்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கம்பத்தில் ஏற என்னால் ஆகாது. கிழிந்த நட்சத்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் மீன் கொண்டுவந்த பவுனம்மாள் வாசலில் நின்று, இன்னா டீச்சரு, உன் ஸ்டாருக்கு லீவா என்றாள். துக்க வீடு, பையன் இறக்கச் சொல்லிவிட்டான் என்றேன். அவள் கூடையை இறக்கி வைத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உன் வூட்டுக்காரரு பூட்டாரு, சரி, அதுக்கோசரம் உங்க சாமி இந்த வருசம் பொறக்க மாட்டேன்னு சொல்ட்டாரா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூலைக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான். அந்த மயக்கத்தில் ஐஸ் மீனைப் புது மீன் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள், அது வேறு கணக்கு.

சாயங்காலம் அவள் மகன் செல்வத்தை அனுப்பினாள். விசைப்படகுக்குப் போகிறவன், மீசையும் தொப்பையுமாக இருந்தாலும் கம்பத்தில் விறுவிறு என்று ஏறிப் படகுக் கயிற்றைக் கப்பியில் கோத்துவிட்டான். கிழிந்த முனையை நான் மைதாப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தேன், கோணலாகிவிட்டது, தினமும் என் கண்ணை உறுத்துகிறது. எரியவிட்டதும் செல்வத்திடம் கேட்டேன், இது கடலிலிருந்து தெரியுமாமே, உங்கள் சார் சொல்வாரே என்று. அவன் சிரித்துவிட்டான். பொய் சொல்ல மாட்டேன் டீச்சரம்மா, அங்க இருந்து பாத்தா ஹார்பர் லைட்டு, கம்பெனி லைட்டு, சிம்னி லைட்டு, இதுல உன்னுது எங்க தெரியும், லாரி ஸ்டாண்டு வரிக்கும் தெரியும், அவ்ளோதான் என்றான். இத்தனை வருடம் கப்பல்காரனுக்கே தெரியும் என்று உன் அப்பா அளந்திருக்கிறார். அவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று சேர்ந்தது. ஆனால் லாரி ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்தால் எனக்குப் போதும். கடலையே வெளிச்சமாக்க நான் அதை ஏற்றவில்லை. இந்த ஊர்க் கரித்தூள் மூன்று நாளில் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், நான் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவேன்.

இப்போது கடைசி விஷயம். நேற்று ஜெனிட்டா பேசினாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் துருவிக் கேட்டேன். வேலை முடிந்து வந்தும் நீ உள்ளே போகாமல் இருட்டில் காரிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம், பாட்டுகூடப் போடுவதில்லையாம். சின்னவள் ஜன்னலில் மாட்டிய நட்சத்திரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாயாம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊர் துப்பும் என்பது சாக்கு. யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட படத்தில், அப்பா இல்லாத வீட்டில் அவருடைய நட்சத்திரம் எரிவதை உன்னால் பார்க்க முடியவில்லை. அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே, மடையா. இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம், கயிறாவது மிஞ்சியிருக்கும்.

இந்தப் பார்சலில் அந்தக் கயிற்றின் நுனியை அனுப்புகிறேன். அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாய். சின்னவளின் நட்சத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து இந்தக் கயிற்றில் மாட்டு, நீ கார் நிறுத்தும் இடத்திலிருந்து தெரிகிற ஜன்னலில். தபால் தாமதமானால் பாதகமில்லை, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் நட்சத்திரத்துக்கு வேலை உண்டு. துரையிடம் நான் இன்னும் பேசவில்லை, கிறிஸ்துமஸ் அன்று பேசுவேன், அதுவரை பயந்துகொண்டிருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. சேசுவும் மாதாவும் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும், சின்னவளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு.

கயிற்றில் இருக்கும் கண்ணி முடிச்சு உன் அப்பா கை போட்டது. துரையின் கத்திக்குத் தப்பியது அது ஒன்றுதான். நீளம் போதாவிட்டால் வேறு கயிறு சேர்த்துக்கொள். அதை மட்டும் அவிழ்க்காதே.

கோபம் தீராத உன் அம்மா,
பிலோமினா