கோலா கெடாவில் மீன் பொரித்தது

அன்பு மகளுக்கு,

நீ பதறாமலிருக்க முதலில் சுருக்கம்:
1. நாங்கள் நலம்.
2. கோலா கெடாவில் ஒரு சிறு குழப்பம்.
3. நீ சொன்னபடி வேனை விற்றுவிடுகிறேன்.

நான் ஓய்வுபெற்றதும் வாங்கிய, கட்டிலும் அடுப்பும் வைத்த வேனில் இதுதான் கடைசிப் பயணம் என்று நேற்றுச் சொன்னேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள்.

இன்று படகுத்துறையருகே வேனை நிறுத்தினோம். சந்தையில் இரண்டு கிலோ கெம்போங் மீன் வாங்கி அம்மா பொரித்தாள். புகை போகட்டுமென்று பக்கக் கதவைத் திறந்தேன். சற்று நேரத்தில் வெளியே ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். எங்களைச் சாப்பாட்டு வேன் என்று நினைத்துவிட்டார்கள்.

மறுக்க எனக்குத் தைரியமில்லை. முன்னால் நின்ற படகுக்காரர், "அண்ணே, ரெண்டு பேருக்குச் சாப்பாடு குடுங்கலா," என்றார். நான் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

"ஏங்க, பசியோட நிக்கிறவங்கள வச்சிக்கிட்டு என்ன எழுதுறீங்க? தட்ட எடுங்க!" என்றாள் அம்மா.

நேற்றிலிருந்து அதுதான் அவளுடைய முதல் பேச்சு. மீன் முழுவதும் அவர்களுக்குப் போயிற்று. நாங்கள் பிஸ்கட் சாப்பிட்டோம். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இதை எழுதும்போதே படகுக்காரர் தட்டைக் கழுவிக் கொண்டுவந்தார். "அடுத்த வாரமும் வருவீங்களா அண்ணே?"

"வருவோம்" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா வியந்து என்னைப் பார்த்தபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

மூன்றாவதாக எழுதியது தவறு, மகளே.

உன் அப்பா