உடனே, தாமதமின்றி

ஜனவரி 4, 1944, செவ்வாய்
கடும் பனி. நெமிலிச்சேரியிலிருந்து ஆவடி ராணுவ முகாம் ஆபீஸ் வரை நடை. வழியில் இன்றைய சொற்கள் மனப்பாடம்.
ஆப்ஸ்டினேட் - பிடிவாதமுள்ள.
ஃப்ரூகல் - சிக்கனமான.
ஃபோர்த்வித் - உடனே, தாமதமின்றி.
கடைசிச் சொல்தான் நின்றது; மற்ற இரண்டும் ஆபீஸ் வருமுன் மறந்துவிட்டன. மார்ச்சில் பரீட்சை. தேறினால் ஹெட்கிளார்க். இல்லையேல் யுத்தம் முடிகிற அன்றே வேலையும் போச்சு.

ஜன. 6, வியாழன்
முகாமுக்கு மேலும் நிலம் வேண்டுமாம். நிலக்காரர்களுக்கு அனுப்பத் துரை எழுதித் தந்த நோட்டீஸ் வரைவைச் செப்பனிட்டேன். ‘அறுப்பு முடிந்து வசதிப்பட்டதும் காலி செய்யவும்’ என்று வளவளவென்று இரண்டு வரி. அடித்துவிட்டு ஒரே சொல் போட்டேன்: ஃபோர்த்வித். துரைக்குப் பரம திருப்தி. அங்கேயே கையெழுத்து. இணைத்திருந்த சர்வே நம்பர்களை நான் பார்க்கவில்லை.

ஜன. 9, ஞாயிறு
சட்டைப் பித்தான் இரண்டு தைக்கணும். என் சம்சாரம் கண்ணம்மாவின் அண்ணன் ஏழுமலை வந்தார்.
“இன்னா மாப்ள, லீவு நாள்லயும் புஸ்தகத்த மோந்துகினு கீறீங்க?”
அவர் வயலில் இன்னும் பால் கதிர். பொங்கல் கழித்து அறுப்பு.

ஜன. 11, செவ்வாய்
சாயங்காலம் மச்சான் கையில் நோட்டீஸ். பார்த்ததும் தெரிந்தது, என் வாக்கியம்.
“இன்னா போட்டுகீது மாப்ள?”
“உடனே காலி பண்ணணுமாம்.”
“அறுப்பு?”
“அதப் பத்தி ஒண்ணும் போடல.”
“எவன் எழுதினானோ, அவன் ஊட்ல அடுப்பு எரியாது.”
கண்ணம்மா: “ஆமாண்ணா.”
சாப்பிடவில்லை. தலைவலி என்றேன்.

ஜன. 12, புதன்
துரையிடம் கெஞ்சினேன், இரண்டு வாரம் கேட்டு. “அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? நீ போட்டதுதானே” என்றார். சொன்னேன். “அவ்வளவுதான், போ.”

ஜன. 14, வெள்ளி
பொங்கல். நேற்றே லாரிகள் வயலில் இறங்கிவிட்டன. மச்சான் வீட்டார் முற்றாத கதிரை அறுத்து மாட்டுக்குப் போட்டார்களாம். அங்கே பொங்கல் பானை ஏற்றவில்லை. இங்கே கடை அரிசி. நான் பாவி.

ஜன. 16, ஞாயிறு
மேல்துரைக்கு மனு எழுதச் சொல்லி மச்சான் வந்தார். இரண்டே நாளில் முகம் கறுத்துவிட்டது.
“உங்க இங்கிலீசுதான் மாப்ள எங்களுக்குக் கதி. பயிர் போனதயாவது கேளுங்க.”
எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சின்னச் சொற்கள். கைநாட்டு வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நோட்டீஸ் என் கைவேலை என்று அப்போதும் சொல்லவில்லை.
மேல்துரைக்குப் போகுமுன் நாளை அந்த மனு என் மேசைக்குத்தான் வரும்.