பதின்மூன்றாம் கால்

03.05.2024, வெள்ளி
கோயில் திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கிறது. இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கும் குகதாசன் வந்தான்.
"முத்துலிங்கண்ணை, இந்த முறையும் நீங்கள்தான் பெட்டி செய்யிறியளோ, இல்லாட்டி வவுனியாவில ஒண்டு வாங்கட்டோ?"
'இந்த முறையும்' என்பதில் ஓர் அழுத்தம். கிற்றாரின் குரலைக் கரகரப்பாக்க நான் செய்து கொடுத்த பெட்டி, போன வருடம் நாலாவது பாட்டிலேயே வெக்கை தாங்காமல் முனகி அடங்கிவிட்டது. "ஒரு சின்னத் தடங்கல்" என்று ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். தடங்கலுக்குத் தகப்பன் பெயர் சொல்லாததுதான் குறை.
செய்கிறேன் என்றேன். சரிவராவிட்டால் இனி அந்த மேடைப் பக்கமே வரமாட்டேன் என்றும் சொன்னேன். யார் கேட்டது? வாய்.

05.05
போன வருடப் பெட்டியில் ரான்சிஸ்ரர்கள் தனித்தனி. ஒவ்வொன்றும் தன்பாட்டில் சூடேறியது. இந்த முறை பழைய சாமான் கடையில் எடுத்த அளவுமானி ஒன்றிலிருந்து ஒரு சிப் கழற்றினேன். பதினான்கு கால்கள். உள்ளே ஐந்து ரான்சிஸ்ரர்கள், ஒரே உடம்பில். சூடேறினால் ஐந்தும் சேர்ந்தே ஏறும். எங்கள் குடும்பத்தில் நான் காணாத ஒற்றுமை.
நான்கை இணைத்தேன். ஐந்தாவது மிச்சம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவன் நான். எரிந்தால் மாற்ற ஒன்று மிச்சம் வைக்காமல் எந்தப் பெட்டியையும் மூடியதில்லை. மிச்சத்தின் மூன்று கால்களும் எதிலும் தொடாமல் பத்திரமாக நிற்கின்றன.

08.05
பெட்டி ஊளையிடுகிறது. கிற்றார் வயரைத் திட்டினேன்.

11.05
இன்றும் ஊளை. மருமகள் மேனுகா வேலையால் வந்த கையோடு எட்டிப் பார்த்தாள். தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வுகூடத்தில் இருப்பவள், எதிலும் ஒரு கண்.
"மாமா, பதின்மூண்டாம் காலை ஏன் அந்தரத்தில விட்டிருக்கிறியள்?"
"அது பாவிக்காத கால், பிள்ளை."
"பாவிக்காட்டியும் நெகட்டிவில குடுக்கோணும். அஞ்சும் ஒரே தளத்திலதானே நிக்குது. அந்தத் தளத்தின்ரை காலும் அதுதான். ஃபோனில சிப்பின்ரை படம் இருக்கு, பாருங்கோவன்."
"படம் பாத்தே நான் ரேடியோ திருத்தினனான்?"
"இல்லை மாமா. அதுதான் ஊளையிடுது."
சிரித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன் என்பது வேறு கதை.

14.05
கண்டுபிடித்துவிட்டேன்! வியர்வைப் பெருவிரலைச் சிப்பின் மேல் அழுத்தினால் ஊளை நிற்கிறது. எடுத்தால் ஊளை. அப்படியென்றால் சூடுதான். விரல் குளிர்மை கொடுக்கிறது. கால் அல்ல. படிக்காதவன் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

16.05
பால்மாத் தகரப் பேணியை வெட்டிச் சிப்பின் முதுகில் தகடு ஒட்டினேன். பார்க்க மயில் தோகை மாதிரி. ஊளை அப்படியே. தகட்டின் அளவு போதவில்லை போலும்.

17.05
இன்னும் பெரிய தகடு. பெட்டி மூட முடியவில்லை.

19.05, ஞாயிறு
குகதாசன் கிற்றாரோடு வந்தான். தகட்டைப் பார்த்தான். "அண்ணை, இது பெட்டியோ, அன்ரனாவோ?" வாசித்தான். நாய் எழும்பி வெளியே போனது. நான் விரலை வைத்து அழுத்தினேன். என்ன குரல்! சேலை கிழிகிற மாதிரி, ஆனால் இனிமையாக. அவனுக்கே முகம் மலர்ந்தது.
"அருமை அண்ணை. ஆனா மேடையில பாட்டு முடியுமட்டும் நீங்கள் விரலோடை இருக்கப்போறியளோ?"
இருப்பேன் என்றேன். உண்மையாகவே சொன்னேன்! அவன் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது. "புதன்கிழமை வவுனியா போறன் அண்ணை. அதுக்குள்ள சொல்லுங்கோ" என்றான்.

20.05
விரல் எங்கே பட்டது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். முதுகில் மட்டும் அல்ல. தடித்த விரல்; ஓரத்துக் கால்களிலும் பட்டிருக்கிறது. குளிர்மையல்ல, வியர்வை. ஈர விரல் வழியாக அந்தப் பதின்மூன்றாம் கால் நெகட்டிவைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆறு நாளாக என் சொந்த விரலே அவள் பக்கம் நின்றிருக்கிறது.
மேனுகா வேலைக்குப் போகும்வரை காத்திருந்தேன். கதவைச் சாத்தினேன். ஓர் அங்குலக் கம்பி, இரண்டு சொட்டு ஈயம். ஊளை நின்றது. மிச்சம் வைத்த ஐந்தாவதும் கெடவில்லை, அது பாட்டில் இருக்கிறது. தகட்டைப் பிடுங்கி எறிந்தேன். குகதாசனுக்கு ஃபோன் எடுத்து, "சின்னத் திருத்தம்" என்றேன்.

24.05, வெள்ளி
பன்னிரண்டு பாட்டு. ஒன்றிலும் தடங்கல் இல்லை. முடிவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். "தன் அறிவால் மட்டுமே" என்று அறிவிப்பாளர் தொடங்கினார். கீழே முன்வரிசையில் மேனுகா கை தட்டிக்கொண்டிருந்தாள். மறுத்துச் சொல்ல ஒலிவாங்கி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

25.05
பொன்னாடையை மடித்து மேனுகாவின் கதிரையில் வைத்தேன்.
"இது என்ன மாமா?"
"உன்ரை. எடு."
கொஞ்சம் யோசித்தாள். "பதின்மூண்டோ?"
"ஓம்."
"எப்ப நெகட்டிவில குடுத்தனீங்கள்?"
"திங்கட்கிழமை. நீ வேலைக்குப் போனாப் பிறகு."
அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

28.05
பொன்னாடையால் தையல் மெஷினைத் தூசி படாமல் மூடியிருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறது.