கி.மு. 44இல் நம்மூர்

12-8-1968, திங்கள்

எட்டாம் வகுப்பில் கி.மு. 44 நடத்தினேன். ரோமில் சீசரைக் குத்திக் கொன்றதையும், அதே ஆண்டு வானில் வால்நட்சத்திரம் தெரிந்ததையும் சொன்னேன். செல்வி எழுந்து, "அது நம்மூர்லயும் தெரிஞ்சிருக்குங்களா சார்?" என்றாள்.

"அப்ப இங்க வெறும் காடு. பாக்க யாரும்மா இருந்தாங்க?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வாசல் கல்லில் ஏறப் போனவன் நின்றுவிட்டேன். எங்கள் சோளக்கொல்லையில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்களைப் புதைத்த குழியைச் சுற்றி வட்டமாக நட்டிருந்த கற்களில் ஒன்று அது. கால் கழுவ வாகாக இருக்குமென்று நான்தான் பெயர்த்து வந்து போட்டேன்.

"ஏங்க, காலு கழுவாம வூட்டுக்குள்ள வரீங்க?" என்றாள் மனைவி.

தண்ணீர் இல்லை என்றேன். தொட்டி நிறைய இருந்தது.